அகலத்தைக் கேளுங்கள்... வாரத்தை எண்ணுங்கள்!

பலூன் ஊதியிருக்கிறீர்கள்தானே? அப்போது இரண்டு விஷயங்களைக் கவனித்திருப்பீர்கள்.

முதல் ஊதல்தான் கஷ்டம். கன்னம் வலிக்கும், காது அடைக்கும். கொஞ்சம் விரிந்துவிட்டால் அப்புறம் சுலபம். இது ஒன்று.

இன்னொன்று, முக்கால்வாசி ஊதிய பலூனைத் தொட்டுப் பாருங்கள். வயிற்றுப் பகுதி விண்ணென்று விறைத்திருக்கும். விரலால் பிடித்திருக்கிறீர்களே, அந்தக் கழுத்துப் பகுதி மட்டும் தொளதொளவென்று இருக்கும். உள்ளே இருப்பது ஒரே காற்று. அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றேதான். ஆனாலும் அகலமான இடம் விறைக்கிறது, குறுகலான இடம் தளர்ந்து கிடக்கிறது.

இந்த இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விதி. பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை லாப்லாஸ், இருநூறு வருடங்களுக்கு முன்பு சொன்னது. உள்ளே இருக்கும் அழுத்தத்தையும், குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவதுதான் அந்தக் குழாயின் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை. அவ்வளவுதாங்க விதி! பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

'அதுக்கும் எங்க வீட்டு ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவருடைய உயிரும், இன்னும் பிறக்காத குழந்தை ஒன்றின் உயிரும் இந்தக் கணக்கில் இருக்கின்றன. இந்த இருவருக்கும் நாம் செய்யத் தவறுகிற இரண்டு சின்னக் காரியங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இரண்டுமே பெரிய செலவு வைக்காதவை. கேட்காததால் மட்டுமே பலருக்குக் கிடைக்காமல் போகிறவை.

மெல்லிய குழாய் ஏன் வெடிப்பதில்லை?

நம் உடம்பிலேயே மெல்லிய சுவர் உள்ளது எது தெரியுமா? தந்துகிகள் என்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள். ஒரே ஒரு செல் கனம்தான் அவற்றின் சுவர். குழாயின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ரத்தச் சிவப்பணுக்கள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, ரேஷன் கடை க்யூ மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும்.

தந்துகியின் தொடக்கத்தில் ரத்த அழுத்தம் ஒன்றும் அற்பமல்ல. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒற்றைச் செல் சுவர் இதை எப்படித் தாங்குகிறது? லாப்லாஸ் பதில் சொல்கிறார்: குறுகல்! மகாதமனி 2 செ.மீ.க்கு மேல் அகலம். தந்துகி அதில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிப் பார்த்தால், தந்துகியின் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை மகாதமனியின் சுவர் தாங்குவதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் மகாதமனிக்கு அவ்வளவு தடித்த, ரப்பர் போல மீளும் சுவர் வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஆபத்தை நிர்ணயிப்பது அழுத்தம் மட்டுமல்ல, அகலமும்தான். நாமோ அழுத்தத்தை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு வீடு பி.பி. மெஷின் வந்துவிட்டது. காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் பெருக்கல் கணக்கில் ஒரு எண்ணை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியுமா?

வீங்கிய இடமே மேலும் வீங்கும்

வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது மகாதமனி. அங்கே அதன் அகலம் சுமார் 2 செ.மீ. வயது, புகை, பரம்பரை, ரத்தக் கொதிப்பு என்று பல காரணங்களால் சிலருக்கு ஓரிடத்தில் சுவர் பலவீனமாகிப் புடைக்கத் தொடங்குகிறது. பழைய சைக்கிள் ட்யூபில் ஓரிடம் மட்டும் முட்டை போலப் புடைத்து நிற்குமே, அது மாதிரி. 3 செ.மீ. தாண்டினால் அதற்கு 'அனியூரிசம்' என்று பெயர்.

இங்கேதான் அந்த விதி விபரீதமாக வேலை செய்கிறது. புடைத்ததால் ஆரம் கூடுகிறது. ஆரம் கூடியதால் சுவரின் இழுவிசை கூடுகிறது. இழுவிசை கூடியதால் சுவர் இன்னும் விரிகிறது. விரிய விரியச் சுவர் மெலிந்தும் போகிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரிதான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.பி. 160-லிருந்து 130-க்கு இறங்கினால் சுவரின் சுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சந்தோஷம். ஆனால் அகலம் 2 செ.மீ.யிலிருந்து 6 செ.மீ. ஆகிவிட்டால் சுமை மூன்று மடங்கு! 'எனக்கு பி.பி. நார்மல்' என்று நிம்மதியாக இருக்கும் ஒருவரின் வயிற்றுக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் இதற்கு எந்த அறிகுறியும் கிடையாது. வலிக்காது. வெளியே தெரியாது. வெடிக்கும்போதுதான் தெரியும். வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிப்பதில்லை.

விஞ்ஞானியின் வயிற்றில்...

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் எதனால் இறந்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இதே அனியூரிசத்தால்தான். 1948 டிசம்பரில் நியூயார்க் புரூக்ளினில் டாக்டர் ருடால்ஃப் நிஸன் அவரது வயிற்றைத் திறந்தார். மகாதமனி பெரிதாக வீங்கியிருப்பதைக் கண்டார். வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து மாற்றும் வித்தை அன்று கிடையாது. அதனால் செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். ஆம், மிட்டாய் சுற்றுகிற அதே கண்ணாடித்தாள்! அது உறுத்த உறுத்தச் சுற்றிலும் தழும்புத் திசு வளரும், அது சுவருக்கு ஒரு பட்டை போட்டது மாதிரி இருக்கும் என்பது யோசனை. ஐன்ஸ்டீன் அதற்குப் பிறகு ஆறு வருடங்களுக்கு மேல் இருந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் கசிய ஆரம்பித்தது. அதற்குள், 1951-ல் பாரிஸில் டாக்டர் சார்லஸ் துபோஸ்ட் வீங்கிய பகுதியை மாற்றிக் காட்டிவிட்டார். ஐன்ஸ்டீனுக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஏப்ரல் 18-ம் தேதி, 76 வயதில் போய்விட்டார்.

இன்று நிலைமை வேறு. வீக்கத்தை அகற்றிச் செயற்கைத் துணிக்குழாய் பொருத்துகிறார்கள். 1990-ல் அர்ஜென்டினாவின் டாக்டர் ஹுவான் பரோடி காட்டிய வழியில், வயிற்றைக் கிழிக்காமல் தொடை இடுக்கு வழியாகவே குழாயைக் கொண்டுபோய்ப் பொருத்துவதும் நடக்கிறது. வீங்கிய அறைக்கு நடுவே ரத்தத்துக்கு ஒரு குறுகிய பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் அந்தப் பழைய சுவரில் நேராக மோதாது. ஆனால் இதெல்லாம் வெடிப்பதற்கு முன்பு தெரிந்தால்தானே?

அளந்து எழுதச் சொல்லுங்கள்

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிட வேலை.

இங்கிலாந்தில் 65 முதல் 74 வயது வரையிலான சுமார் 67,800 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2002-ல் முடிவு வெளியானது. ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களிடம் அனியூரிசத்தால் ஏற்பட்ட மரணம் நான்கு ஆண்டுகளில் 42 சதவீதம் குறைவு. அங்கே இப்போது 65 வயது நிறையும் ஆண்களுக்கு அரசே கடிதம் போட்டு ஸ்கேனுக்குக் கூப்பிடுகிறது. அமெரிக்காவில், 65-லிருந்து 75 வயதுக்குள் இருக்கும், எப்போதாவது புகைபிடித்த ஆண்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். 'எப்போதாவது' என்றால்? வாழ்நாளில் 100 சிகரெட்!

அப்படியானால் நம் ஊரிலும் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. இங்கிலாந்தில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரிடம் இந்த வீக்கம் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. எல்லோரையும் பயமுறுத்தி ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவது நியாயமில்லை. ஆனால், 65 வயதைத் தாண்டிய, சிகரெட்டோ பீடியோ பிடித்த (விட்டுவிட்டவர் என்றாலும்) அப்பா, தாத்தா, மாமா இருக்கிறாரா? அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த வீக்கம் இருந்திருக்கிறதா? அவர் ஒருமுறை பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. தனியாக ஒரு ஸ்கேன்கூடப் பல சமயம் வேண்டியிருக்காது. இந்த வயதில் புராஸ்டேட், சிறுநீரகக் கல், பித்தப்பை என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 'மாஸ்டர் செக்கப்' பட்டியலிலும் அது பெரும்பாலும் இருக்கிறது. படுத்திருக்கும்போதே, "டாக்டர், மகாதமனியோட அகலத்தையும் அளந்து ரிப்போர்ட்ல எழுதிடுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதே மெஷின்தான், கூட ஒரு நிமிடம்தான். அந்த ஒரு வரி கட்டாயம் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

3 செ.மீ.க்குக் குறைவு என்றால் கவலையை விடுங்கள். 3-லிருந்து 5.5 வரை என்றால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்ப அளந்து கண்காணிக்க வேண்டும். பீடி, சிகரெட்டை அன்றைக்கே விட வேண்டும், பி.பி.யைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொட்டால்தான் ஆபரேஷன் பேச்சு. அதற்கு முன்பு, கத்தியின் ஆபத்து வீக்கத்தின் ஆபத்தைவிடப் பெரிது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வயதான ஒருவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ தாங்க முடியாத வலி, கூடவே மயக்கம், வியர்வை வந்தால் 'கல்லு வலியா இருக்கும்' என்று வீட்டில் உட்கார வேண்டாம். இந்த வீக்கம் கசிவதும் சிறுநீரகக் கல் வலி போலவே தோன்றி டாக்டர்களையே ஏமாற்றும். உடனே ஆஸ்பத்திரி!

சின்னக் குமிழியின் பெரிய கஷ்டம்

இப்போது பலூனின் முதல் ஊதலுக்கு வருவோம். சிறிதாக இருக்கும்போது ஊதுவது ஏன் கஷ்டம்? அதே விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சுவரின் இழுவிசை ஒரே அளவில் இருந்தால், ஆரம் சிறிதாகச் சிறிதாக அதை விரித்து வைக்க அதிக அழுத்தம் வேண்டும். ஒரு சின்ன சோப்புக் குமிழியையும் பெரிய குமிழியையும் ஒரு குழாயால் இணைத்தால், சின்னதுதான் சுருங்கித் தன் காற்றைப் பெரியதற்குக் கொடுத்துவிட்டு மறைந்துபோகும்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். உள்பக்கம் ஈரப்படலம். அந்த ஈரம், குமிழியைச் சுருக்கப் பார்க்கும். இத்தனை சின்ன அறைகள் ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி? 'சர்ஃபாக்டன்ட்' என்று ஒரு வழவழப்பான பொருளை நுரையீரலே சுரந்து பூசிக்கொள்கிறது. சோப்பு மாதிரி அது ஈரத்தின் இழுவிசையைக் குறைக்கிறது. அறை சுருங்கச் சுருங்க இன்னும் அதிகமாகக் குறைக்கிறது. என்ன ஒரு ஏற்பாடு!

ஆனால் தாயின் வயிற்றில் இந்தப் பூச்சு தாமதமாகத்தான் தயாராகிறது. சுமார் 24 வாரத்தில் ஆரம்பித்து, 35 வார வாக்கில்தான் போதிய அளவுக்கு வருகிறது. அதற்கு முன்பு பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதல்தான். பலூனை ஒருமுறை விரித்தால் நமக்கு வேலை முடிந்தது. அந்தப் பிஞ்சுக்கோ விரித்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும், மறுபடி விரிக்க வேண்டும். நெஞ்சுக்கூடு உள்வாங்க, முனகி முனகிப் போராடிக் கடைசியில் களைத்துப்போகும்.

1959-ல் அமெரிக்காவின் டாக்டர் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் இதற்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று கண்டுபிடித்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். பேட்ரிக் என்று பெயர். இன்றைக்கு அந்த எடையில் பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றுவது பெரிய அதிசயமே இல்லை. அன்று நாட்டின் மிகப்பெரிய டாக்டர்கள் கூடியிருந்தும் 39 மணி நேரத்தில் அந்தக் குழந்தை இறந்தது. காரணம் தெரிந்திருந்தது, கையில் மருந்து இல்லை.

22 வருடத் தாமதம்

மருந்து நியூஸிலாந்திலிருந்து வந்தது. அதுவும் ஆட்டுக்குட்டி மூலமாக! டாக்டர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட குட்டி ஒன்று, மூச்சுவிடவே முடியாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிட்டது. நுரையீரல் சீக்கிரமே பழுத்திருந்தது! டாக்டர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவம் ஆகும் நிலையில் இருந்த தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சுத்திணறலும் மரணமும் குறைந்தன.

உடனே உலகமே பின்பற்றியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரவலாகக் கொடுக்கச் சொன்னது 1994-ல்தான். 22 வருடம்! இடையில் எத்தனை தொட்டில்கள் காலியாயினவோ.

இந்திய அரசு 2014-ல் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது. 24-லிருந்து 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி வந்தால் டெக்ஸாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம நர்ஸே போடலாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆராய்ச்சி 2020-ல் வெளியானது. 25 தாய்மார்களுக்கு இந்த ஊசி போட்டால் ஒரு குழந்தை காப்பாற்றப்படுகிறது என்று அதில் தெரிந்தது. விலை உயர்ந்த மருந்தும் அல்ல.

அப்படியிருந்தும் எங்கே கோட்டை விடுகிறோம்? வீட்டில்தான். ஏழாம் மாதத்தில் பெண் இடுப்பு வலிக்கிறது என்கிறாள். "சூட்டு வலியா இருக்கும்டி, சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு" என்கிறார் அம்மா. அன்போடுதான் சொல்கிறார். ஆனால் ஊசி நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். சீரகத் தண்ணீரில் போவது அந்த ஒரு நாள்தான். விட்டு விட்டு வரும் வலி, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு இவற்றில் எது இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் சீரகம்.

'ஸ்டீராய்டா? ஐயோ!' என்று பதறுபவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டு வேறு, இரண்டு நாளில் முடியும் இந்த ஊசி வேறு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் கூடாது. 2015-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆராய்ச்சியில், வார அளவு சரியாகத் தெரியாத, வசதியில்லாத இடங்களில் இதைப் பரவலாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த நன்மை வரவில்லை. மொத்தத்தில் பச்சிளம் குழந்தை மரணம் கூடவே செய்தது. ஆகவே, எத்தனையாவது வாரம் என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். தாய்க்குக் கடுமையான நோய்த்தொற்று இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் முடிவெடுப்பார். சர்க்கரை இருந்தால் கூடுதல் கவனிப்பு வேண்டும். பிறக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியுள்ள ஆஸ்பத்திரியும் வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், 'ஏழாம் மாசம்' என்ற பேச்சை விடுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து வாரத்தை உறுதி செய்து, அட்டையில் எழுதி, வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு முன் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "டாக்டர், 31 வாரம் ஆகுது. குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போடணுமா?" என்று கூட இருப்பவர் கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை. நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாப்லாஸ் எழுதி வைத்த கணக்கு இருநூறு வருடமாக மாறவில்லை, இனியும் மாறாது. நம் பங்குக்குச் செய்யக்கூடியது அந்தக் கணக்கை முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான். இந்த வாரமே அப்பாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து, மகாதமனியின் அகலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் வீட்டில் இருந்தால், இன்றைக்கு எத்தனையாவது வாரம் என்று அவளைக் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.